நாற்காலியில் விட்டுவிட்டுப் போங்கள்

மார்ச் 10, செவ்வாய்

காலையிலேயே வெயில். மாடியில் போட்ட துணி நாஸ்தா முடித்து வருவதற்குள் காய்ந்து விறைத்துவிட்டது. ஹாஸ்டலுக்கு முன்னால் இன்னொரு பிளாக் எழும்புகிறது. இனிமேல் கடல் அவர்களுக்கு. எங்களுக்கு சிமென்ட் தூசி.

செய்ய வேண்டியவை:
– துறைக் கையேட்டைத் தமிழாக்க (எச்.ஓ.டி. மேடம், இன்றைக்குள்)
– வியாழன் செய்முறைத் தேர்வு. செக்லிஸ்ட் மனப்பாடம்
– செருப்பு தைக்க
– அம்மாவுக்கு போன்

கையேடு: எம்.எஸ்சி. ஆலோசனை உளவியல், இரண்டு வருடம். முதுநிலை டிப்ளமோ, ஒரு வருடம். பள்ளி ஆசிரியர்களுக்கு வார இறுதிச் சான்றிதழ். கம்பெனி ஆட்களுக்கு ஆன்லைனில் ஒன்று. ‘கேட்கும் கலை’ என்று எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் விருப்பப் பாடம். அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டார்கள், அதனால் அதில்தான் கூட்டம். பக்கத்துக்குப் பக்கம் ‘பரிவு’ வருகிறது. இரண்டு இடத்தில் எடுத்துவிட்டேன். மேடம் திரும்பச் சேர்த்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் என் போட்டோ வருமாம். “முதல் தலைமுறைப் பட்டதாரி, மதுராந்தகம் அருகே ஒரு கிராமம்.” கிராமம் இல்லை மேடம், காலனி என்றேன். “அதெல்லாம் வேண்டாம்மா, நல்லா இருக்காது.” யாருக்கு நல்லா இருக்காது என்று கேட்கவில்லை. சிபாரிசுக் கடிதம் அவர் கையில்.

அம்மா போனில்: “சாப்ட்டியா ஜெபா?” அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. ஆலோசனை உளவியல் படிக்கிறேன்.

மார்ச் 11, புதன்

தேர்வு முறை. நாளைக் காலை குழம்பாமலிருக்க எழுதி வைக்கிறேன்.

ஒரு அறை, இரண்டு நாற்காலி. சுவரில் கண்ணாடி. நம் பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடி; அந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஜன்னல். அங்கே மேடமும் வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னலும். எக்ஸ்டர்னல் வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது. மேடம் காதோடு காதாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருப்பார். நம்மிடம் வருவது நிஜ ஆள் இல்லை. டிராமா கிளப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு சீட்டில் ஒரு பிரச்சனை எழுதிக் கொடுத்திருக்கும். என்ன பிரச்சனை என்று நமக்குத் தெரியாது. மணி அடித்ததும் நிறுத்த வேண்டும்.

நிறுத்திய பிறகு டீ-ரோலிங். நடித்தவரை எழுப்பி நிற்க வைத்து, கை காலை உதறச் சொல்லி, நிஜப் பெயரைச் சொல்ல வைத்து, ‘அந்தப் பிரச்சனை உங்களுடையது இல்லை, நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்’ என்று சொல்லி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வேஷம் ஒட்டிக்கொள்ளுமாம். மறந்தால் மார்க் போகும். போன வருடம் பாதிப் பேர் மறந்தார்கள்.

ரூம்மேட் திவ்யா என்னைக் கட்டிலில் உட்கார வைத்துப் பழகினாள்.

“சொல்லுங்க, என்ன பிரச்சனை?”

“ரூம்ல ஒருத்தி லைட்டைப் போட்டுட்டே தூங்கறா.”

“அது உங்களுக்கு எப்படி இருக்கு?”

“கொல்லணும் போல இருக்கு.”

“ரிஸ்க் இருக்குடி. ஃபார்ம் எடுத்துட்டு வா.”

சிரித்தோம். செருப்பு இன்னும் தைக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

வெர்பேட்டிம் எழுதிப் பழகிய கை. பேசியதைப் பேசினபடியே. நினைவு மங்குவதற்கு முன்னால்.

அறை எண் மூன்று. என் முறை. ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். சட்டைப் பையில் ஐடி கார்டைத் திருப்பிப் போட்டிருந்தான். நன்றாகத் தயார் செய்து வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

நான்: வணக்கம், உட்காருங்க. இங்க பேசறது இங்கயே இருக்கும்.

அவன்: (கண்ணாடியைப் பார்த்து முடியைக் கையால் ஒதுக்கினான்.) என் பேரு விக்னேஷ். செகண்ட் இயர் மெக்கானிக்கல். சதுரங்கப்பட்டினம், கோட்டைக்கு அந்தாண்ட.

நான்: சொல்லுங்க விக்னேஷ்.

அவன்: எங்க அண்ணன் பூட்டான். தை மாசம். கடல்ல.

நான்: அண்ணனை இழந்துட்டீங்க. (சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல். மார்க் உண்டு.)

அவன்: கூடப் போற ஆளுக்கு ஜொரம், வரல. நீ வாடான்னான். எனுக்கு இன்டர்னல் எக்ஸாம். இங்க வந்துட்டேன். ஒண்டியாப் போனான். மொதல்ல அவன் போட்டு கெடச்சிது, அப்பறம் அவன்.

நான்: குற்ற உணர்வா இருக்கு. (உணர்வைப் பிரதிபலித்தல். மார்க் உண்டு.)

அவன்: அந்தப் பேப்பர்ல பாஸ் அக்கா.

நான்: (மௌனம். மௌனத்துக்கும் மார்க் உண்டு.)

அவன்: காலைல பஸ் ஏறி வரேன். கிளாசுக்குப் போவல. கேன்டீன் பின்னாடி குந்திகினு இருக்கேன். சாயந்தரம் வூட்டுக்குப் போனா அம்மா காலேஜ் எப்டி கீதுன்னு கேக்கும். நல்லா கீதுன்னுடுவேன்.

நான்: உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா? (இதைக் கேட்காவிட்டால் ஃபெயில்.)

அவன்: தோணுது.

நான்: எப்படின்னு ஏதாவது யோசிச்சிருக்கீங்களா?

அவன்: கடல்ல வுழுந்தா சாவ மாட்டேன். நீச்சல் நல்லா வரும். அதான் பேஜாரு. வேற யோசிச்சு வெச்சிகீறேன்.

நான்: என்னை நம்பி இதைச் சொன்னதுக்கு நன்றி.

மணி அடித்தது. எனக்குள் ஒரு சந்தோஷம், அதையும் எழுதுகிறேன். செக்லிஸ்ட்டில் எதுவும் விடவில்லை.

எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றான். கை காலை உதறச் சொன்னேன். என்னைப் பார்த்தான். நானே உதறிக் காட்டினேன். அவனும் உதறினான்.

“இப்ப உங்க நிஜப் பேரைச் சொல்லுங்க.”

“விக்னேஷ்.”

“அது கேரக்டர் பேரு. நிஜப் பேரு.”

“அதான் அக்கா. விக்னேஷ்.”

இரண்டும் ஒரே பெயராக வைத்துக்கொண்டான் போல என்று நினைத்தேன். “சரி விக்னேஷ். இந்த அண்ணன், இந்தக் கடல், எதுவும் உங்களோடது இல்லை. எல்லாத்தையும் நாற்காலியிலேயே விட்டுட்டுப் போங்க.”

நாற்காலியைப் பார்த்தான். ரொம்ப நேரம்.

“செமயா நடிச்சீங்க” என்றேன்.

“சரிக்கா” என்றான். போனான்.

வெளியே வந்தால் வராந்தாவில் விஸ்காம் முதல் வருடப் பையன் ஒருவன், மூச்சு வாங்க. “அக்கா சாரிக்கா, பஸ்ஸை விட்டுட்டேன். ரூம் மூணு தானே? என் கேஸ் எக்ஸாம் பயம்.” கையில் சீட்டு.

துறை வாசலில் ஆபீஸ் அசிஸ்டென்ட் மூர்த்தி அண்ணன். அவரைக் கேட்டேன். “ஒரு புள்ளாண்டான் வந்தான் பாப்பா. கவுன்சிலிங் இங்கயா அண்ணான்னான். மூணாம் ரூம்ல ஆளுக்குக் காத்துகினு இருந்தீங்கோ. போன்னு சொல்ட்டேன். ஏன், இன்னா ஆச்சு?”

எங்கள் துறையிலேயே நடக்கும் மாணவர் ஆலோசனை மையம் இன்று தேர்வுக்காக மூடல். அறிவிப்பு மெயிலில் வந்தது. கதவில் ஒட்டவில்லை.

கேன்டீன் பின்னால் ஓடினேன். பால் கிரேட்டுகள், ஒரு நாய். அவன் இல்லை. பஸ் ஸ்டாப்பிலும் இல்லை. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

மேடமிடம் சொன்னேன். எக்ஸ்டர்னலை வண்டியேற்றிக்கொண்டிருந்தார். “நாளைக்குப் பேசலாம் ஜெபா. அவங்களுக்கு ஃப்ளைட்.”

அழுகை வரவில்லை. மெஸ்ஸில் சாம்பார் சாதம். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

மேடம் அறை. ஏசி. மேஜையில் கையேட்டின் மாதிரிப் பிரதி, கடைசிப் பக்கத்தில் என் பல்.

“அவன் ஃபார்ம் எழுதலை. கன்சென்ட் குடுக்கலை. டெக்னிக்கலா அவன் நம்ம கிளையன்ட்டே இல்லைம்மா.”

“மேடம், யோசிச்சு வெச்சிருக்கேன்னு சொன்னான்.”

“கேட்டேன். நீ ரிஸ்க் அசெஸ்மென்ட் அழகாப் பண்ணே. எக்ஸ்டர்னல் ரொம்பப் பாராட்டினாங்க. ஸோ ஆதென்டிக்னாங்க. கிளாஸ்லயே உனக்குத்தான் மார்க் அதிகம்.”

“அவன் வீட்டு நம்பர் வாங்கித் தாங்க.”

“மெயில் போடச் சொல்லியிருக்கேன்.”

“மெயில் பார்க்கிற நிலைமையிலயா மேடம் இருக்கான்?”

பேனாவை மூடினார், திறந்தார். “இது வெளிய போனா பேட்ச் முழுக்க எக்ஸாம் கேன்சல். திவ்யா ஜூன்ல வேலைக்குச் சேரணும். உனக்கும் லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். மூர்த்தி கேர்லெஸ்ஸா அனுப்பினதுக்கு மெமோ குடுக்கறோம். அதோட முடிச்சுக்கலாம்.”

மூர்த்தி அண்ணன் கான்ட்ராக்ட். மெமோ என்றால் அடுத்த மாதம் வேறு ஆள். மேலேயிருந்து ஒன்றைக் கீழே போட்டால் கடைசியில் யார் தலையில் விழும் என்று இந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மேடம் கெட்டவர் இல்லை. பயந்தவர். அதனால் அவனுக்கு என்ன.

மெக்கானிக்கல் துறை அலுவலகம். நம்பர் தர முடியாது, ரூல். வகுப்பு வாசலில் நின்று கேட்டேன். ஒருவன்: “விக்கியா? ரொம்ப நாளா வரதில்ல. மீன் புடிக்கப் பூட்டானோ என்னவோ.” பின் பெஞ்சில் சிரிப்பு. அவன் நம்பர் ஒருவனிடம் இருந்தது. ஸ்விட்ச் ஆஃப். மதியம் ஸ்விட்ச் ஆஃப். சாயந்தரமும்.

திவ்யாவிடம் சொன்னேன். “தேடிப் போகாதடி. பவுண்டரி கிராஸ் பண்றே.” பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 14, சனி

வாயலூர் வரை ஒரு பஸ், மாறி இன்னொன்று. சதுரங்கப்பட்டினம். பழைய கோட்டைச் சுவரைத் தாண்டி மணலில் நடந்தேன். உள்ளே ஒன்றும் ஓடவில்லை. அவன் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் தெளிவாக யோசித்தேன். திரும்பிவிடுவேன் என்று முடிவு செய்தேன். அதையும் எழுதுகிறேன்.

மீன் கூடையோடு மூன்று பெண்கள். கேட்டேன்.

“எந்த விக்னேசு? தையில பூட்டானே சதீசு, அவன் தம்பியா?”

“ஆமா.”

“நீ யாரு?”

“காலேஜ்.”

“எந்த ஊரு?”

“மதுராந்தகம் பக்கம்.”

“ஊரா, காலனியா?”

“காலனி.”

ஒருத்தி மீன்மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். இன்னொருத்தி எழுந்தாள். முப்பது இருக்கும். கழுத்தில் ஒன்றுமில்லை. “நான்தான் சதீசு பொண்டாட்டி. செல்வி. அவன் ஐஸ் ஒடைக்கிற எடத்துல கீறான், வா.”

கீறான். அந்தச் சொல்லை ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

டீ வாங்கிக் கொடுத்தாள். பேப்பர் கப். எல்லாருக்கும் பேப்பர் கப்தானா என்று பார்த்தேன். எல்லாருக்கும்தான்.

ஏலக் கொட்டகைக்குப் பின்னால் அவன். பனியன், கையில் கட்டை. ஐஸ் பாரை அடித்துக்கொண்டிருந்தான். பார்த்ததும் அடிப்பதை நிறுத்தவில்லை.

“இன்னாக்கா. வெளில வந்தப்பறந்தான் எக்ஸாம்னு தெரிஞ்சிது. மார்க்கு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“நல்ல மார்க்கா?”

“கிளாஸ்ல அதிகம்.”

“எனுக்கு எதுனா பங்கு கீதா?”

கட்டையைப் போட்டான். பிறகு கத்தினான். நிறையச் சொன்னான், பாதி கெட்ட வார்த்தை. எழுதவில்லை. ஒன்று மட்டும்: “கைய ஒதறு, கால ஒதறுன்ன. நானும் வைத்தியம்னு நெனச்சிகினு ஒதறிகினு நின்னேன் பாரு, லூசு மாதிரி. நாற்காலில வுட்டுட்டுப் போன்ன. பஸ்ல குந்தறதுக்குள்ள அது எனுக்கு முன்னாடி வந்து குந்திகினு கீது.”

நான் செக்லிஸ்ட்டில் உள்ள எதையும் சொல்லவில்லை. வரவும் இல்லை. “நீ நடிக்க வந்தவன்னு நெனச்சேன். தப்பு என்னுது” என்றேன். அந்த அறையில் படித்தவர்கள் தமிழில் பேசினேன். இங்கே எங்கள் வீட்டுப் பேச்சு தானாக வந்தது.

“உள்ள பேசறது உள்ளயே இருக்கும்னு சொன்னன்ல. அதுவும் பொய். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி ரெண்டு பேரு பாத்துகினு இருந்தாங்க.”

“கண்ணாடிக்குப் பின்னாடியா?” யோசித்தான். “நான் முடி வேற வாரினேனே.”

சிரிப்பு இரண்டு பேருக்கும் வந்தது. அவனுக்கு முதலில் நின்றது.

கேட்டேன். “சாவணும்னு இப்பவும் கீதா?”

ஐஸைப் பார்த்தான். “இன்னிக்கி இல்ல.”

“நாளைக்கி?”

“நாளைக்கி கேளு. இன்னிக்கே எப்டித் தெரியும்?”

“உங்க அண்ணிகிட்ட சொல்லப் போறேன்.”

“சொன்னேன்னா வெட்டிடுவேன்.”

“சொல்வேன்.”

அவன் முன்னாலேயே சொன்னேன். செல்வி கூடையை இறக்கி வைத்தாள். பிறகு அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி. “எருமை. ஒருத்தன் சொல்லாம பூட்டான். நீ சொல்லிட்டுப் போறியா? எனுக்கும் உங்க அம்மாவுக்கும் வேற யாருடா கீறாங்க?” அடித்த கையை அங்கேயே வைத்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

அவன் யோசித்து வைத்திருந்தது எது என்று கேட்டேன்; எடுத்து வந்து அவள் கையில் ஒப்படைத்தான். என்ன என்று இங்கே எழுத மாட்டேன்.

“எங்க இட்டுகினு போவணும், சொல்லு” என்றாள் என்னிடம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனை, திங்கள் ஓ.பி. என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மா போனில் திட்டு. சதுரங்கப்பட்டினம் போனேன்.

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். “ஞாயித்துக்கெழம கூட உனுக்கு லீவு இல்லியா?”

“சாவணும்னு இன்னிக்கி கீதா?”

வாய் கொப்பளித்துத் துப்பினான். “இல்ல.”

அவ்வளவுதான். அடுத்த பஸ்.

துவைத்தவை: இரண்டு சுடிதார், பெட்ஷீட். தைத்தது: செருப்பு.

மார்ச் 16, திங்கள்

செங்கல்பட்டு. நான், அவன், செல்வி. மனநலப் பிரிவு ஓ.பி. வரிசை வராந்தா தாண்டி மரத்தடி வரை. வெயில் கொளுத்தியது. செல்வி காலை வியாபாரத்தை விட்டு வந்திருக்கிறாள். வரிசையில் பேச்சு: “நைனா தூங்கி நாலு நாளாச்சி.” “மாத்தர துன்னா தூக்கம் வருது, தூங்கினா வேல போவுது.”

எங்கள் கையேட்டில் ‘உலகத் தரம்’ என்று மூன்று இடத்தில் இருக்கிறது. அங்கே குஷன் நாற்காலிகள், ஏசி, கண்ணாடி, யாருமில்லை. இங்கே ஊரே நிற்கிறது, ஒரு ஃபேன். எங்கள் பேட்ச்சில் ஒருவர்கூட இங்கே பயிற்சிக்கு வந்ததில்லை. பயிற்சி ஒப்பந்தம் கார்ப்பரேட் மருத்துவமனையோடு.

சீட்டு போடும் இடத்தில்: “நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?”

எனக்குத் தெரியவில்லை. செல்வி சொன்னாள்: “கூட வந்த பொண்ணு. எழுதிக்கோ.”

டாக்டர் அவனிடம் தனியாகப் பேசினார். பிறகு செல்வியிடம். மாத்திரை, செல்வி கையில்தான் இருக்க வேண்டும். ஆளைத் தனியாக விட வேண்டாம். அடுத்த வாரம் திரும்ப. ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். மோசமாக இருந்தால் நாள் பார்க்க வேண்டாம், நேரே வா என்றார்.

வெளியே வந்து மூன்று பேரும் கரும்பு ஜூஸ். அவன் காசு கொடுக்க விடவில்லை.

“இன்னிக்கி?”

“டாக்டரும் கேட்டாரு, நீயும் கேக்கற. இல்லக்கா.”

சாயந்தரம் பதிவாளருக்குக் கடிதம். சின்னது. தேர்வில் என்னிடம் வந்தவர் நிஜ மாணவர். அவரை நடிகர் என்று நினைத்து அனுப்பியது நான்; மூர்த்தி அண்ணன் தவறு ஏதும் இல்லை. மையம் மூடியிருப்பதைக் கதவில் ஒட்டவில்லை. கையெழுத்து. அவன் பெயரை எழுதவில்லை.

திவ்யா படித்தாள். “என் வேலைல மண்ணைப் போட்டுட்டேடி.”

“உன் எக்ஸாம்ல தப்பு ஒண்ணும் நடக்கலையே.”

“அவங்க அப்படியா பார்ப்பாங்க?”

பார்க்க மாட்டார்கள். அவள் சொல்வது சரி. அவளுடைய அப்பாவும் கடன் வாங்கித்தான் சேர்த்தார். லைட்டை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

காற்று இல்லை. கடல் தகடு போல.

திவ்யா பேசவில்லை. மேடம் வராந்தாவில் எதிரே வந்தார், போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். கையேடு அச்சுக்குப் போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் இப்போது இரண்டாம் செமஸ்டர் பெண் ஒருத்தி. அவளுக்குப் பல் வரிசை நன்றாக இருக்கிறது.

மூர்த்தி அண்ணன்: “மெமோ வேணான்ட்டாங்கோ. லைப்ரரிக்கு மாத்திட்டாங்கோ. நடை ஜாஸ்தி, அவ்ளோதான். நீ ஏன் பாப்பா வாயக் குடுத்து மாட்டிகினே?” திட்டுகிறாரா, வருத்தமா, தெரியவில்லை. கடலை மிட்டாய் ஒன்று கொடுத்தார்.

ச.பட்டினம். கேட்டேன். “இல்ல. போ, உனுக்கு கிளாஸ் கீதுல்ல.”

மார்ச் 18, புதன்

இன்று அவன் ஐஸ் கொட்டகையில் இல்லை. கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தான். அவன் அண்ணன் படகை விற்றுவிடலாம் என்று காலையில் யாரோ வந்து பேசியிருக்கிறார்கள்.

கேட்டேன்.

“தெரியல” என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இல்லாததால் சொல்லவில்லை. இது மார்க்குக்கான மௌனம் இல்லை. டாக்டர் கொடுத்த நம்பருக்கு அவன் முன்னாலேயே போன் போட்டேன். இப்போதே அழைத்து வா என்றார்கள்.

“வரியா?”

“போட்ட விக்கறாங்கக்கா.”

“வரியா?”

“அதுல அவன் பேரு கீது. நான்தான் பெயின்ட்டு அடிச்சேன்.”

“விக்னேசு. வரியா?”

நான் போனில் கூப்பிட்டதும் செல்வி வியாபாரத்தை விட்டு வரும்வரை அப்படியே இருந்தோம். அவள் வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள், சின்னப் பிள்ளையைத் தூக்குவது போல. ஆட்டோ. அவன் தலை ஓரக் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. செல்வி கையை நடுவில் வைத்தாள்.

டாக்டர் வேறு ஆள். ஒரு மாத்திரை மாற்றினார். ராத்திரி அங்கேயே கட்டில். காலையில் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார். ஒருவர்தான் கூட இருக்கலாம். செல்வி இருந்தாள். என்னைப் போகச் சொன்னாள். “நீ போயி துன்னு. மூஞ்சப் பாரு, செத்தவ மாதிரி கீற.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஹாஸ்டல். திவ்யா எனக்காக மெஸ்ஸிலிருந்து இட்லி எடுத்து மூடி வைத்திருந்தாள். இன்னும் பேசவில்லை. சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

வானம் மூட்டம், மழை இல்லை. காலையில் செல்வி போன்: டிஸ்சார்ஜ், வீட்டுக்குப் போகிறோம்.

மதியம் விசாரணைக் கமிட்டி. ஐந்து பேர், மினரல் வாட்டர். மூன்று மணிக்கு என்றார்கள்; ஐந்து வரை வெளியே பெஞ்சில். என் போனில் சார்ஜ் இல்லை.

“யார் பெர்மிஷன்ல மாணவர் வீட்டுக்குப் போனீங்க?”

“யாரும் இல்லை.”

“துறை விதிமுறை தெரியுமா?”

“தெரியும். கையேட்டுல இருக்கு. நான்தான் தமிழாக்கினேன்.”

ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் அவரைப் பார்த்ததும் தண்ணீர் குடித்தார். மேடம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் மட்டும் கேட்டார்: “பையன் எப்படி இருக்கான்?” யாரும் குறிப்பெடுக்காத கேள்வி அது ஒன்றுதான்.

முடிவு: மற்றவர்கள் மார்க் நிற்கும். என்னுடையது ரத்து, நவம்பரில் திரும்ப எழுத வேண்டும். டிகிரி தள்ளிப்போகும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வெளியே வந்து நின்று யோசித்தேன். யோசனை வரவில்லை. பஸ்ஸும் வரவில்லை. ஏதோ மறியலாம், வண்டியெல்லாம் வழியில் நிற்கிறதாம். பஸ் ஸ்டாப்பில் ஒருவர்: “இன்னிக்கி வராது, வூட்டுக்குப் போம்மா.” நாளைக்குப் போகலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவன் வீட்டில்தான் இருக்கிறான், செல்வி இருக்கிறாள், மாத்திரை இருக்கிறது.

உள்ரோடு வழியாக வந்த மீன் வண்டி ஒன்று கை காட்டினதும் நின்றது. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட முன் சீட்டில் மூன்று பேர். சதுரங்கப்பட்டினம் வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் அவன். தனியாக இல்லை, செல்வி கொஞ்சம் தள்ளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் கையில் ஆஸ்பத்திரிப் பட்டை இன்னும் இருந்தது. என் பக்கம் வேகமாக வந்தான்.

“இன்னா லேட்டு? மூணு பஸ் பாத்துட்டேன். போனப் போட்டா ஸ்விட்ச் ஆப்பு.”

“மீட்டிங்.”

“எனுக்கு இன்னா தெரியும் மீட்டிங்கு? பூட்டியோன்னு நெனச்சேன்.”

“எங்க பூட்டேன்னு?”

பட்டையைத் திருகிக்கொண்டு நின்றான்.

“சரி, கேளு” என்றான். “சீக்கிரம் கேளு. அண்ணி இன்னும் துன்னல.”